நிலத்தின் பெயருக்கு வரும் பணம்

அமெரிக்காவில் நெல் விளைகிறது என்றால் நம்மில் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். கோதுமை, மக்காச்சோளம், சோயா என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறோம். ஆர்கன்சா மாநிலத்தின் கிழக்கே, மிசிசிப்பி ஆற்றின் வண்டல் சமவெளியில், கண்ணுக்கெட்டிய தூரம் வயல்தான். அந்த நாட்டு நெல்லில் ஏறக்குறைய பாதி இந்த ஒரு மாநிலத்தில் விளைகிறது. அங்கே அதிக ஏக்கரில் நெல் போடும் கவுண்டிகளில் ஒன்று பாயின்செட். கவுண்டி என்பது மாநிலத்துக்கு அடுத்த நிர்வாகப் பிரிவு. நம் மாவட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஆள் மிகக் குறைவு. சுமார் 760 சதுர மைல் பரப்பில் 23,000 பேர்தான். நடுவே கிரௌலி மேடு என்ற நீளமான மண்மேடு வடக்கு தெற்காகப் போகிறது. மேட்டுக்கு மேற்கே நெல். கிழக்கே ஒரு காலத்தில் பருத்தி மட்டும், இப்போது பருத்தியோடு சோயாவும் நெல்லும்.

அமெரிக்க விவசாய மானியம் எப்படி வேலை செய்கிறது, அது கடைசியில் யார் கைக்குப் போய்ச் சேருகிறது என்று பார்க்க இந்த ஒரு கவுண்டி போதும். மானியத்தின் மிகப் பழைய கசப்பும் இங்கேதான் நடந்தது, மிகப் புதிய சட்டத்தின் பணமும் இங்கே வருகிறது.

முதலில் இன்றைய முறையைப் பார்ப்போம். நம் ஊரில் நெல்லுக்கு ஆதார விலை உண்டு, அரசே கொள்முதல் நிலையம் வைத்து வாங்குகிறது. அமெரிக்காவில் அரசு நெல்லை வாங்குவதில்லை. சட்டத்தில் ஒரு விலையை எழுதி வைத்திருக்கிறார்கள். அதைக் குறிப்பு விலை என்று சொல்லலாம். நாட்டின் சராசரிச் சந்தை விலை அதற்குக் கீழே போனால், இடைவெளியை விவசாயிக்குப் பணமாகக் கொடுக்கிறார்கள். நீண்ட அரிசி ரக நெல்லுக்கு 2014 சட்டத்தில் இந்த விலை நூறு பவுண்டுக்கு 14 டாலர். நூறு பவுண்டு என்றால் நம் கணக்கில் 45 கிலோ. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் அதை 16.90 டாலராக உயர்த்தியது.

சரி, இதுவரை எளிது. சிக்கல் அடுத்த வரியில் இருக்கிறது. இந்த இடைவெளிப் பணம் இந்த வருடம் விளைந்த நெல்லுக்குக் கொடுக்கப்படுவதில்லை. ஒவ்வொரு பண்ணையின் பதிவேட்டிலும் 'அடிப்படை ஏக்கர்' என்று ஒரு எண் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன்பு அந்த நிலத்தில் எத்தனை ஏக்கர் நெல், எத்தனை ஏக்கர் கோதுமை போட்டார்கள் என்ற பழைய கணக்கு அது. கூடவே, ஏக்கருக்கு இவ்வளவு விளையும் என்று ஒரு நிலையான விளைச்சல் எண்ணும் பதிவாகியிருக்கிறது. பணம் இந்த இரண்டையும் பார்த்துத்தான் வரும். அடிப்படை ஏக்கரில் நெல் என்று பதிவு இருந்தால், இந்த வருடம் அங்கே சோயா போட்டிருந்தாலும் நெல்லுக்கான பணம் வரும். ஒன்றுமே விதைக்காமல் நிலத்தைப் பராமரித்து மட்டும் வைத்திருந்தாலும் வரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சந்தை விலை 12.90 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பு விலையோடு இடைவெளி 4 டாலர். பதிவான விளைச்சல் ஏக்கருக்கு 5,000 பவுண்டு, அதாவது ஐம்பது நூறு பவுண்டு, என்றால் 200 டாலர். அடிப்படை ஏக்கரில் 85 சதவீதத்துக்கு மட்டுமே பணம் என்பதால் ஏக்கருக்கு 170 டாலர். நூறு ஏக்கர்காரருக்கு 17,000 டாலர். ஆயிரம் ஏக்கர்காரருக்கு 1,70,000 டாலர். அவருக்குத்தான் உச்சவரம்பு குறுக்கே வரும், ஏனென்றால் ஒரு நபருக்கு வருடத்துக்கு 1,55,000 டாலருக்கு மேல் கிடையாது. 2025 சட்டத்துக்கு முன்பு அது 1,25,000 ஆக இருந்தது.

உற்பத்தியிலிருந்து பணத்தைப் பிரித்துவைத்தது 1996 சட்டம். அதற்கு ஒரு நியாயமான காரணமும் இருந்தது. நெல்லுக்கு மட்டும் பணம் என்றால் எல்லோரும் நெல்லையே போட்டு விலையை இன்னும் இறக்கிவிடுவார்கள். விவசாயி சந்தையைப் பார்த்து விதைக்கட்டும், உதவி தனியாக வரட்டும் என்று நினைத்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அதன் பின்விளைவை டெக்சாஸ் மாநிலத்தில் பார்த்தார்கள். ஹூஸ்டன் நகரத்தைச் சுற்றி ஒரு காலத்தில் நெல் விளைந்த நிலங்கள் வீட்டுமனைகளாகிவிட்டன. மனையோடு சேர்ந்து வந்த அடிப்படை ஏக்கருக்கு, வாழ்நாளில் நாற்றைக்கூடப் பார்த்திராத வீட்டுக்காரர்களுக்கு அரசுக் காசோலை வந்தது. 2000-க்குப் பிறகு ஆறு வருடங்களில் விவசாயமே செய்யாதவர்களுக்குக் குறைந்தது 130 கோடி டாலர் போயிருக்கிறது என்று வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் 2006-இல் கணக்கெடுத்து எழுதியது. விலை ஏறினாலும் இறங்கினாலும் வந்துகொண்டிருந்த அந்த நேரடித் தொகைத் திட்டத்தை 2014-இல் நிறுத்தினார்கள். அடிப்படை ஏக்கர் மட்டும் அப்படியே இருக்கிறது.

பணம் உழைப்பவனை விட்டுவிட்டு நிலத்தைத் தேடிப் போவது 1996-இல் புதிதாகத் தொடங்கிய விஷயம் இல்லை. இதற்கு நாம் பாயின்செட் கவுண்டியின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் டைரோன்சா என்ற சிறிய ஊருக்குப் போக வேண்டும்.

1933-இல் பருத்தி விலை அடிமாட்டு விலைக்கு வந்துவிட்டது. ரூஸ்வெல்ட் அரசு அந்த வருடம் மே மாதம் விவசாயச் சீரமைப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. விளைச்சலைக் குறைத்தால் விலை ஏறும், குறைப்பவருக்கு அரசு பணம் கொடுக்கும் என்பது திட்டம். சட்டம் வந்தபோது பருத்திச் செடி ஏற்கனவே வளர்ந்து நின்றது. அதனால் முதல் வருடம் ஏறக்குறைய ஒரு கோடி ஏக்கரில் நின்ற பயிரை உழுது அழித்தார்கள். செடியை மிதிக்காமல் சால் நடுவே நடக்கப் பழகிய கோவேறு கழுதைகள், பயிர் மேல் ஏறி நடக்க மறுத்து நின்றன என்று அந்தக் காலத்தவர்கள் சொல்வார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனது கனத்துப் போகும்.

அந்த நிலத்தை உழுதவர்கள் பெரும்பாலும் வாரக்குடிகள். நிலம், விதை, கழுதை எல்லாம் பண்ணையாருடையவை. உழைப்பு குடியானவனுடையது. விளைச்சலில் பாதி அவனுக்கு, அதிலும் பண்ணைக் கடையில் வாங்கிய கடன் போக மிச்சம். அரசு ஒப்பந்தம் போட்டது நில உரிமையாளரோடு. குடியானவனுக்கு உரிய பங்கைப் பண்ணையார் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று விதி இருந்தது, ஆனால் பலர் கொடுக்கவில்லை. அதைவிட மோசமானது அடுத்து நடந்தது. பயிரிடும் பரப்பு குறைந்தால் ஆளும் குறைவாகப் போதும், அதனால் குடும்பம் குடும்பமாக வெளியேற்றினார்கள். கஷ்டத்தைத் தீர்க்க வந்த பணமே வீட்டை விட்டுத் துரத்தும் காரணமாகிவிட்டது.

1934 ஜூலையில் டைரோன்சா அருகே ஒரு பள்ளிக்கூடத்தில் 18 பேர் கூடினார்கள். 11 பேர் வெள்ளையர், 7 பேர் கறுப்பர். இரண்டு சங்கமா ஒரே சங்கமா என்பதுதான் அன்றைய பெரிய கேள்வி. பதினைந்து வருடங்களுக்கு முன்பு, 1919-இல், இதே மாநிலத்தின் எலைன் பகுதியில் கறுப்பினக் குடியானவர்கள் சங்கம் வைத்ததற்காக நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டிருந்தார்கள். அதிலிருந்து உயிர் தப்பிய ஒரு முதியவர் அந்தக் கூட்டத்தில் இருந்தார். தனித்தனியாக நின்றால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். ஒரே சங்கம் என்று முடிவானது. அதுதான் தென்னகக் குத்தகை விவசாயிகள் சங்கம். முன்னின்று நடத்திய ஹெச். எல். மிட்சல் ஒரு சலவைக்கடைக்காரர், கிளே ஈஸ்ட் பெட்ரோல் பங்க் வைத்திருந்தவர். அவர்கள் கடை இருந்த கட்டடம் இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது.

வாஷிங்டனிலும் இதே சண்டை நடந்தது. ஒப்பந்தம் போட்ட பண்ணையார் அதே குடிகளைத்தான் வைத்திருக்க வேண்டும் என்று வேளாண் துறையின் வழக்கறிஞர்கள் சிலர் விதிக்கு விளக்கம் எழுதினார்கள். 1935 பிப்ரவரியில் அவர்களின் தலைவர் ஜெரோம் ஃபிராங்கும் இன்னும் சிலரும் வேலையை இழந்தார்கள். குடிகள் தோற்றுவிட்டார்கள். பிறகு டிராக்டர் வந்தது, பருத்தி பறிக்கும் இயந்திரம் வந்தது, வாரக்குடி முறையே காணாமல் போனது.

இன்றைய பாயின்செட் விவசாயி அந்த வாரக்குடியும் இல்லை, அந்தப் பண்ணையாரும் இல்லை. பல லட்சம் டாலர் இயந்திரங்களை வைத்துக்கொண்டு, பல ஆயிரம் ஏக்கரைப் பல பேரிடமிருந்து குத்தகைக்கு எடுத்து ஓட்டுபவர். அமெரிக்கப் பயிர் நிலத்தில் பாதிக்கு மேல் குத்தகையில்தான் நடக்கிறது. குத்தகைக்கு விடுபவர்களில் பெரும்பாலோர் தாங்களாக விவசாயம் செய்யாதவர்கள். தாத்தா நிலத்தைப் பங்கு போட்டு எடுத்துக்கொண்டு நகரத்தில் குடியிருக்கும் பேரப் பிள்ளைகள், கணவனை இழந்த முதிய பெண்கள், முதலீட்டுக்காக வாங்கியவர்கள் என்று பல வகை.

வாரக் குத்தகையாக இருந்தால், விளைச்சலில் பங்கு வாங்கும் நில உரிமையாளருக்கு அரசுப் பணத்திலும் அதே விகிதத்தில் பங்கு நேராகவே போய்விடும். பணக் குத்தகையாக இருந்தால் அரசுப் பணம் முழுதும் பயிரிடுபவர் பெயருக்குத்தான் வரும். ஆனால் குத்தகைத் தொகை பேசும்போது நில உரிமையாளருக்கும் கணக்குத் தெரியும். இந்த ஏக்கருக்கு அரசிடமிருந்து இவ்வளவு வரும் என்று தெரிந்த பிறகு அவர் ஏன் பழைய குத்தகைக்கே விட வேண்டும்? இவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் அடுத்த பண்ணைக்காரர் வாசலில் நிற்பார். மானியத்தில் ஒவ்வொரு டாலருக்கும் சுமார் 25 சென்ட் குத்தகை உயர்வாக நில உரிமையாளரிடம் போய்விடுகிறது என்று 2009-இல் வெளிவந்த ஒரு பொருளாதார ஆய்வு கணக்கிட்டது. நாளாக ஆக இது இன்னும் கூடும் என்று சொல்பவர்களும் உண்டு. மானியம் நில விலையிலேயே ஏறி உட்கார்ந்துகொள்கிறது. புதிதாக விவசாயத்துக்கு வரும் இளைஞர் அந்த விலையையும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது.

உச்சவரம்பைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். ஒரு நபருக்கு இவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு, 'நபர்' யார் என்பதைச் சட்டம் நீட்டிக்கொண்டே வந்திருக்கிறது. கூட்டுப் பண்ணை என்றால் ஒவ்வொரு கூட்டாளிக்கும் தனி வரம்பு. முன்பெல்லாம் ஒரே பண்ணையைப் பல நிறுவனங்களாகப் பிரித்துப் பதிவு செய்வார்கள். வரைபடமாகப் போட்டால் கிளை விரித்த மரம் மாதிரி இருக்கும் என்பதால் 'மிசிசிப்பி கிறிஸ்துமஸ் மரம்' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. 2008-இல் அதைக் கட்டுப்படுத்தினார்கள். 2018 சட்டம் குடும்பம் என்பதற்கான வரையறையில் அண்ணன் தம்பி பிள்ளைகள், அக்கா தங்கை பிள்ளைகள், ஒன்றுவிட்ட சகோதர சகோதரிகளையும் சேர்த்தது. அவர்கள் டிராக்டரில் ஏற வேண்டும் என்பதுகூட இல்லை, நிர்வாகத்தில் பங்கிருக்கிறது என்று காட்டினால் போதும்.

இதன் விளைவு எண்ணில் தெரிகிறது. யாருக்கு எவ்வளவு போனது என்ற அரசுப் பதிவுகளை வாங்கி, என்விரான்மென்டல் ஒர்க்கிங் குரூப் என்ற அமைப்பு 2001-இலிருந்து கவுண்டி வாரியாகப் பொதுவில் வைத்து வருகிறது. 1995 முதல் கொடுத்த பயிர் மானியத்தில் முக்கால் பங்குக்கு மேல் மேலே இருக்கும் பத்து சதவீதம் பேருக்குப் போயிருக்கிறது. ஆனால் அந்தப் பட்டியலைக் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டும். நாட்டிலேயே பெரிய தொகை, 50 கோடி டாலருக்கு மேல், ரைஸ்லேண்ட் ஃபுட்ஸ் என்ற பெயருக்கு நேரே இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுப் பகல் கொள்ளை என்று கத்தியவர்கள் உண்டு. அது ஆர்கன்சாவின் ஸ்டட்கார்ட் நகரில் 1921-இல் தொடங்கிய விவசாயிகள் கூட்டுறவு. ஆயிரக்கணக்கான உறுப்பினர்களின் பணம் அதன் வழியாகப் போனதால் அந்தப் பெயரில் பதிவாகியிருக்கிறது.

இதையெல்லாம் நடைமுறைப்படுத்துவது வேளாண் துறையின் கவுண்டி அலுவலகம். வானிலிருந்து எடுத்த படத்தில் ஒவ்வொரு வயலுக்கும் எண் போட்டு வைத்திருப்பார்கள். ஜூலை 15-க்குள் விவசாயி போய், எந்த எண்ணில் என்ன விதைத்தேன், யாருக்கு எத்தனை பங்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நம் கிராம நிர்வாக அலுவலர் எழுதும் அடங்கலை விவசாயியே வந்து சொல்வது மாதிரி. அந்த அலுவலகத்துக்கு மேற்பார்வை, உள்ளூர் விவசாயிகளே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் குழு. கேட்க அழகாக இருக்கிறது. ஊரில் யார் கை ஓங்கியிருக்கிறதோ அவர்களே குழுவிலும் இருந்ததால், கறுப்பின விவசாயிகளுக்கு அந்தத் துறை கொடுக்கும் கடன் தாமதமானது, மறுக்கப்பட்டது. விதைப்பு முடிந்த பிறகு வரும் கடனால் யாருக்கு என்ன பயன்? இந்தப் பாகுபாட்டுக்கு எதிரான பிக்ஃபோர்டு வழக்கில் 1999-இல் சமரசம் ஏற்பட்டது. விடுபட்டவர்களுக்காக 2010-இல் இன்னொரு 125 கோடி டாலர் ஒதுக்கினார்கள். 1920-இல் அந்த நாட்டில் 9 லட்சத்துக்கும் மேல் கறுப்பின விவசாயிகள் இருந்தார்கள். இன்று 50,000 பேருக்கும் குறைவு.

கவுண்டி எல்லை சில நேரம் விநோதமான சுவராகிவிடுவதும் உண்டு. சீனாவோடு வந்த வர்த்தகச் சண்டைக்கு ஈடாக 2019-இல் கொடுத்த பணத்தை ஏக்கருக்கு 15 முதல் 150 டாலர் வரை, கவுண்டிக்கு ஒரு விகிதமாக வைத்தார்கள். அந்தக் கவுண்டியில் வழக்கமாக என்ன பயிர், எவ்வளவு விளைச்சல் என்பதை வைத்துப் போட்ட கணக்கு. சாலைக்கு இந்தப் பக்கம் சோயா போட்டவருக்கு ஒரு தொகை, அந்தப் பக்கம் அதே சோயா போட்டவருக்கு வேறு தொகை.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, நெல் விவசாயி ஏதோ சொகுசாக இருக்கிறார் என்று விட்டுவிட்டால் அது அநியாயம். ஆர்கன்சா நெல் முழுக்கப் பாசன நெல். ஏக்கருக்கு 7,500 பவுண்டு, அதாவது சுமார் 3,400 கிலோ நெல், மழை பெய்தாலும் பொய்த்தாலும் வந்துவிடும். அதனால் விளைச்சல் நஷ்டத்துக்கான பயிர்க் காப்பீடு அவர்களுக்குப் பெரிதாக உதவுவதில்லை. அவர்களை வீழ்த்துவது விலையும் செலவும்தான். டீசல், யூரியா, குத்தகை, இயந்திரக் கடன் எல்லாம் ஏறிக்கொண்டிருக்கும்போது 2025-இல் நெல் விலை இறங்கியது. அந்த செப்டம்பரில் பக்கத்துக் கவுண்டியான கிரெய்க்ஹெட்டில், புரூக்லேண்ட் என்ற ஊரில், நூற்றுக்கணக்கான விவசாயிகள் கூடித் தங்கள் பிரதிநிதிகளிடம் உதவி கேட்டார்கள். உயர்த்திய குறிப்பு விலைப்படி பணம் வரத்தானே போகிறது என்று கேட்கலாம். வரும். ஆனால் சந்தைப் பருவம் முழுதும் முடிந்து சராசரி விலை தெரிந்த பிறகுதான் கணக்கு. 2025 அறுவடைக்கான பணம் 2026 அக்டோபரில்தான் கைக்கு வரும். அதற்குள் வங்கிக்காரர் பழைய பயிர்க்கடனைக் கேட்பார், அடுத்த விதைப்பும் வந்துவிடும். அதனால்தான் 2025 டிசம்பரில் அறிவித்த 1,200 கோடி டாலர் உதவிக்குப் 'பாலம்' என்று பெயர் வைத்தார்கள்.

அந்த அறிவிப்பு நடந்த வெள்ளை மாளிகைக் கூட்டத்தில் நம் ஊர் அரிசியும் பேச்சில் வந்தது. இந்தியாவும் தாய்லாந்தும் அடிமாட்டு விலைக்கு அரிசியைக் கொண்டுவந்து கொட்டுகின்றன என்று புகார் எழுந்தது. உண்மையில் இந்தியாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போவது பெரும்பாலும் பாசுமதி. அது ஆர்கன்சா நெல்லோடு நேராக மோதுவதில்லை. ஆர்கன்சா விவசாயிகளின் உண்மையான குறை, மற்ற நாட்டுச் சந்தைகளில் இந்திய அரிசியோடு போட்டி போட வேண்டியிருப்பது பற்றியது. ஒரு பயிரின் உற்பத்தி மதிப்பில் பத்து சதவீதத்துக்கு மேல் அரசு ஆதரவு கூடாது என்ற உலக வர்த்தக அமைப்பின் வரம்பை நெல்லில் இந்தியா தாண்டியதும், அதற்கு விலக்கு விதியைக் காட்டியதும் உண்மைதான். அதே நேரம், ஆர்கன்சா நெல் என்ன செய்தது என்பதற்கு ஹைட்டி சாட்சி. 1990-களின் நடுவில் அந்த ஏழை நாடு அரிசி இறக்குமதி வரியை மூன்று சதவீதமாகக் குறைத்தது. மானியத்தில் விளைந்த அமெரிக்க அரிசி உள்ளே வந்து அங்கிருந்த நெல் விவசாயத்தையே சாய்த்துவிட்டது. ஆர்கன்சாவின் ஆளுநராக இருந்து அதிபரான பில் கிளின்டன் 2010 மார்ச்சில் செனட் குழு முன்பு, அது தன் மாநில விவசாயிகள் சிலருக்கு நன்மையாக இருந்திருக்கலாம், ஆனால் தவறு என்று ஒத்துக்கொண்டார்.

தண்ணீரையும் சொல்லாமல் விட முடியாது. கிரௌலி மேட்டுக்கு மேற்கே நிலத்தடி நீர் வருடத்துக்கு வருடம் கீழே போகிறது. வயலில் தண்ணீர் கட்டி நிறுத்த ஆழ்குழாய்க் கிணறுகள் இரவும் பகலும் ஓடுகின்றன. குட்டை வெட்டி மழைநீரைச் சேர்த்துத் திரும்பப் பயன்படுத்துபவர்கள் உண்டு, அதற்கும் தனி அரசு உதவி இருக்கிறது. ஆனால் வங்கிக்காரர் கடன் கணக்குப் போடும்போது நெல்லின் குறிப்பு விலைதான் கண்ணில் படும், கிணற்றின் நீர்மட்டம் படாது.

வயலில் இறங்கி வேலை செய்பவர்கள் இப்போது பலர் மெக்சிகோவிலிருந்தும் தென் ஆப்பிரிக்காவிலிருந்தும் பருவ விசாவில் வந்து போகிறவர்கள். மானியக் கணக்கின் எந்த வரியிலும் அவர்கள் இல்லை. 1934-இன் குடியானவனுக்காவது ஒப்பந்தத்தில் ஒரு பங்கு எழுதப்பட்டிருந்தது.

2025 சட்டம் இன்னொன்றும் செய்திருக்கிறது. நாடு முழுதும் 3 கோடி ஏக்கர் வரை புதிய அடிப்படை ஏக்கர் சேர்க்க அனுமதி கொடுத்திருக்கிறது. 2019 முதல் 2023 வரை அந்த நிலத்தில் என்ன விதைக்கப்பட்டது என்பதை வைத்து அது பதிவாகும். அந்த ஐந்து வருடமும் டீசல் வாங்கி, கடன் வாங்கி, இரவில் மோட்டாருக்குக் காவல் இருந்து விதைத்தவர் குத்தகைக்காரர். வேண்டாம் என்று மறுக்கும் உரிமையைச் சட்டம் நில உரிமையாளருக்குக் கொடுத்திருக்கிறது. அடுத்த வருடம் குத்தகை கைமாறினால் விதைத்தவர் போய்விடுவார், அவர் விதைத்ததால் வந்த ஏக்கர் நிலத்தின் பெயரிலேயே இருக்கும்.